ஒப்பமும் ஒப்புதலும்: மறதிநோயுற்ற முதியோர் ஆய்வுப்பொருளான வரலாறு

மட்டக்களப்பின் வடபால், வாழைச்சேனை தொடக்கம் வாகரை ஈறாக நீளும் கரையோரம் ஆய்வாளருக்குப் புதிய நிலமன்று. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இலங்கை வேடரிடையே கள ஆய்வு நிகழ்த்திய சார்ல்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும், 1911 இல் வெளியிட்ட தமது பெருநூலில் கரையோர வேடருக்கெனத் தனியோர் இயலை ஒதுக்கினர். அவர்களுக்கு முன்னரே, 1880களில், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தவரும் ஒருவருக்கொருவர் உறவினருமான சரசின் இருவர் இத்தீவின் வேடரை அளந்தும் படம்பிடித்தும், அவர்தம் எலும்புக்கூடுகளைச் சேகரித்தும் சென்றிருந்தனர். காலனித்துவக் காலத்தில் எடுத்துச் செல்லப்பட்ட வேடர் மண்டையோடுகளுள் ஒன்பதினை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 ஆம் ஆண்டு நவம்பரில் வேடர் தலைவரிடம் மீள ஒப்படைத்தது. அளக்கப்பட்டோர் அளக்கப்படுவதற்கு இசைந்தனரா என்பது அன்றைய புலமைக்கு ஒரு வினாவாகவே தோன்றவில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் இக்கரை மீண்டும் ஆய்வுக்களமாயிற்று. நிவாரணம் வந்த பாதையிலேயே வினாக்கொத்தும் வந்தது. உறவினரை இழந்து முகாமில் இருந்தோருக்கு, உணவு தருபவர் யார், வினாத் தொடுப்பவர் யார் என வேறுபடுத்தி அறிதல் எளிதாயிருக்கவில்லை. இந்நிலையினை இலங்கை மருத்துவ ஆய்வாளரான அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005 இலேயே லான்செற் ஏட்டில் விவாதத்துக்குக் கொணர்ந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இப்பின்னணியிலேயே நாம் இன்று எழுந்துவரும் பிறிதொரு வினாவினை நோக்க விழைகின்றோம். முதியோர் இல்லங்களில் வாழும் மறதிநோயுற்றோரை ஆய்வில் ஈடுபடுத்துங்கால் அவர்தம் சம்மதத்தை எங்ஙனம் பெறுவது? பொதுவாக இது மருத்துவ அறவியலின் வினாவாகவோ சட்டத்தின் வினாவாகவோ கொள்ளப்படுகின்றது. நோயாளிக்கு விளங்கும் ஆற்றல் உண்டா, இல்லையா என்பதே அங்கு முதன்மை பெறுகின்றது. ஆனால் வரலாற்றை நோக்குமிடத்து, ஆற்றல் பற்றிய வினா எழுமுன்னரே வேறொன்று விடையைத் தீர்மானித்துவிடுவதைக் காண்கின்றோம். பிறர் கூரையின்கீழ், பிறர் தரும் உணவில் ஒருவர் வாழ்கின்றார் என்னும் சமூக உறவே அது.

முதலிற் சொற்களைச் சற்று நோக்குவோம். ‘ஒப்புதல்’ என்பதும் ‘ஒப்பம்’ என்பதும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஒருவர் மனம் ஒப்பினார் என்பதற்கு அவர் கை இட்ட ஒப்பம் அடையாளமாகும். காலப்போக்கில் அடையாளமே பொருளாகிவிட்டது. அலுவலகத்தில் ‘ஒப்பம் வாங்கிவிட்டீரா’ என்று வினவுவோர், மனம் ஒப்பியதா என்று வினவுவதில்லை. இதற்கு நேர்மாறான சொல்லொன்றும் எம்மிடையே வழங்குகின்றது. முதுமையில் நினைவு தடுமாறுவோரை ‘அறளை பெயர்ந்தவர்’ என்கின்றோம். இச்சொல் நோயொன்றின் பெயர் மட்டுமன்று, தீர்ப்புமாகும். அறளை பெயர்ந்தவர் என ஒருவரைக் குறித்துவிட்டால் அதன்பின் அவர் சொல்வது எதுவும் சொல்லாகக் கொள்ளப்படுவதில்லை. பசி என்றாலும் அறளைப் பேச்சே, வேண்டாம் என்றாலும் அறளைப் பேச்சே.

இந்நோய்க்குப் பெயரளித்த வரலாறே ஒப்பம் இடமுடியாத ஒரு பெண்ணின் வரலாறாக அமைந்துள்ளது. 1901 நவம்பர் 25 இல் யேர்மனியின் பிராங்பேட் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் ஒகுஸ்ரே டெற்றர் என்னும் 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர் புகையிரத அலுவலகத்தில் எழுதுவினைஞர். அங்கு பணியாற்றிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் அப்பெண்ணிடம் வினாக்கள் தொடுத்து விடைகளைக் குறித்துவந்தார். பெயரை எழுதும்படி கேட்டபோது ‘திருமதி’ என்னும் பொருள்படும் முதற்சொல்லை எழுதினார். எஞ்சியதை மறந்தார். ஒவ்வொரு சொல்லாக மீளச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாக அவர் கூறியதும் அக்குறிப்பேட்டில் உள்ளது. 1995 இல் பிராங்பேட்டில் கண்டெடுக்கப்பட்ட அவ்வேட்டில் அப்பெண்ணின் கையெழுத்து இருக்கின்றது. ஆயின் அது இசைவின் ஒப்பமன்று, நோயின் சான்று.

பின்னர் நிகழ்ந்தது எம் கவனத்துக்குரியது. அல்சைமர் பிராங்பேட்டை விட்டு நீங்கி மியூனிக் சென்றார். வைத்தியசாலைக் கட்டணத்தைச் சுமக்க இயலாத கணவர், மனைவியை மலிவான இடமொன்றுக்கு மாற்ற முயன்றார் எனவும், அல்சைமரின் தலையீட்டாலேயே அப்பெண் அங்கு வைத்திருக்கப்பட்டார் எனவும், கைமாறாக மரணத்தின் பின் குறிப்பேடும் மூளையும் அவருக்குக் கிடைக்க ஏற்பாடாயிற்று எனவும் இவ்வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். 1906 ஏப்ரல் 8 இல் ஒகுஸ்ரே இறந்தார். மூளை மியூனிக் சென்றது. அதே ஆண்டு நவம்பர் 3 இல் ரியூபிங்கன் நகரில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். 1910 இல் கிறெப்பலின் தமது பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டார். நோயாளியின் பெயர் பல தசாப்தங்களாக ஒரேயோர் எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. அல்சைமரைக் கொடியவராகக் காட்டுவது எம் நோக்கமன்று. அக்குறிப்புகளைப் படிப்போர் அவர் பொறுமையாகச் செவிமடுத்த வைத்தியர் என்றே உணர்வர். தனிமனிதரின் நற்குணம் இவ்வினாவைத் தீர்ப்பதில்லை என்பதற்கே அதனைக் குறிப்பிடுகின்றோம். கட்டணம் செலுத்த வழியற்ற குடும்பத்திற்குப் படுக்கையொன்று கிடைத்தது, அறிவியலுக்கு மூளையொன்று கிடைத்தது. இப்பரிமாற்றத்தில் ஒகுஸ்ரே ஒரு தரப்பினராக இருக்கவேயில்லை, பரிமாறப்பட்ட பொருளாகவே இருந்தார்.

இன்னுமொன்று. பிராங்பேட் அன்று பிரசியாவின் ஆட்சிக்குட்பட்ட நகரம். அதே பிரசியாவின் அரசு 1900 டிசம்பர் 29 இல், சிகிச்சை நோக்கமற்ற மருத்துவத் தலையீடுகளுக்குத் தெளிவான இசைவு தேவையென்றும், வயது வராதோர், முடிவெடுக்கும் நிலையில் இல்லாதோர் ஆகியோரை அவற்றுக்கு உட்படுத்தலாகாதென்றும் பணிப்புரை விடுத்திருந்தது. நைசர் என்னும் பேராசிரியர் விலைமாதர் மீது நிகழ்த்திய மேகநோய்ச் சோதனை எழுப்பிய கண்டனமே அதற்குக் காரணம். 1931 இல் யேர்மன் அரசு மேலும் விரிவான விதிகளை வகுத்தது. எனினும் 1940, 1941 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் மனநோய் இல்லங்களில் வாழ்ந்தோருள் 70,000 பேரளவில் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் பலரின் மூளைகள் ஆய்வுகூடங்களைச் சென்றடைந்தன. உலகிலேயே மிக முன்னேறிய ஆய்வு விதிகள் ஏட்டில் இருந்த நாட்டில் இது நடந்தது.

1947 இன் நியூரம்பேர்க் நெறிகள் தன்னார்ந்த இசைவினை முதல் விதியாக்கின. ஆனால் அவ்விதி முழுச் சட்டத் தகுதியுடைய மனிதரையே கருத்திற்கொண்டது. மறதிநோயுற்ற முதியவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார். அவ்வெல்லைக்கு வெளியே நிற்பது எத்தகையது என்பதைப் பதினாறு ஆண்டுகளின் பின் நியூயோர்க் நகரத்துப் புறூக்ளின் காட்டியது.

1963 யூலையில், புறூக்ளின் யூத நாட்பட்டநோய் வைத்தியசாலையில் நலிவுற்றிருந்த 22 நோயாளிகளின் தோலின்கீழ் உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஏற்றப்பட்டன. ஆய்வை வகுத்தவர் சுலோன்-கெற்றறிங் நிறுவனத்தின் செஸ்ரர் சவுதம். நலிவுற்ற உடல் அக்கலங்களை எவ்வளவு விரைவில் நிராகரிக்கின்றது என்பதே அவர் அறிய விரும்பியது. நோயாளிகளிடம் எதிர்ப்பாற்றலைச் சோதிப்பதாகக் கூறப்பட்டது. புற்றுநோய் என்னும் சொல் கூறப்படவில்லை. அது அவர்களை வீணே அச்சுறுத்தும் என்பது ஆய்வாளர் தந்த நியாயம். அவர்களுட் சிலர் நினைவு தடுமாறியோர், சிலர் ஈடிஷ் மொழி மட்டுமே அறிந்தோர். இதற்கு முன்னர் ஒகாயோ மாநிலச் சிறைக் கைதிகளுக்கு இதே கலங்களை ஏற்றியபோது, அவை இன்னவை என்பது சொல்லப்பட்டது, கையொப்பமும் பெறப்பட்டது. சிறைக் கைதிக்குக் கிடைத்த தகவல் முதிய நோயாளிக்குக் கிடைக்கவில்லை. தம் சொல்லுக்குப் பின்னால் எவரும் நில்லாதோர் எவரோ அவரிடமே இசைவு மிக மெலிந்த வடிவில் பெறப்படுகின்றது.

இச்செயலை வெளிக்கொணர்ந்தது அறவியற் குழு எதுவுமன்று. அத்தகைய குழு அங்கு இருக்கவேயில்லை. கலங்களை ஏற்றும்படி பணிக்கப்பட்ட இளம் வைத்தியர் மூவர், இந்நோயாளிகளால் இசைவு தர இயலாது எனக் கூறி மறுத்துப் பதவி துறந்தனர். வைத்தியசாலைப் பணிப்பாளர் சபையில் இருந்த வில்லியம் ஹைமன் என்னும் சட்டத்தரணி, நோயாளர் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமை கோரி நீதிமன்றம் சென்றார். ஈற்றில் நியூயோர்க் கல்வி ஆட்சிக்குழு சவுதத்தையும் வைத்தியசாலையின் மருத்துவப் பணிப்பாளரையும் குற்றவாளிகளாகக் கண்டு ஓராண்டு உரிமத் தடை விதித்தது. அத்தடையும் நிறுத்திவைக்கப்பட்டு நன்னடத்தைக் காலமாக மாற்றப்பட்டது. சில ஆண்டுகளில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் சவுதத்தைத் தன் தலைவராகத் தெரிந்தது! எனினும் இவ்விவகாரமும் இதையொத்தனவும் தந்த நெருக்குதலாற் கூட்டாட்சி அரசின் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு முற்பரிசீலனைக் குழு 1966 இற் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஹென்றி பீச்சர் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டப்பட்ட 22 ஆய்வுகளுள் புறூக்ளின் நிகழ்வும் ஒன்று. நாம் அழுத்த விரும்புவது, மறுத்த மூவரும் அதே கூரையின்கீழ் ஊழியம் புரிந்தோர் என்பதாகும். பின்னாளைய விதிகளுக்கு அவர்தம் மறுப்பும் ஒரு தோற்றுவாய்.

இத்தகையவை மேலைநாட்டில், முற்காலத்தில் நிகழ்ந்தவை என அமைதியுறுவதற்கில்லை. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009 இல், பாத் என்னும் அமெரிக்க நிறுவனம் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தோடும் மாநில அரசோடும் இணைந்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியை 10 முதல் 14 வயதுவரையான சிறுமியர் ஏறத்தாழ 14,000 பேருக்கு ஏற்றும் திட்டமொன்றை நடத்தியது. அவர்களுட் பலர் பழங்குடி மாணவியர், அரச விடுதிகளில் தங்கிப் பயின்றோர். சிறுமியர் சிலரின் மரணத்தை அடுத்து எழுந்த எதிர்ப்பினால் 2010 இல் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமன்று என விசாரணைக்குழு கூறியது. ஆயின் சம்மதம் பற்றி வெளிவந்தவை எவராலும் மறுக்க முடியாதவை. 2013 ஆம் ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை எடுத்துக்காட்டியவாறு, பரிசீலிக்கப்பட்ட 9,543 இசைவுப் படிவங்களுள் 2,763 இல் விடுதிக் காப்பாளரே ஒப்பமிட்டிருந்தனர், 1,948 இற் பெருவிரல் அடையாளமே இருந்தது. சிறுமியரும் மறதிநோயுற்ற முதியோரும் ஒன்றல்லர் என்பதை அறிவோம். எனினும் இருசாராரும் ஒரே வகையான கூரையின்கீழ் வாழ்கின்றனர். அங்கு உணவுக்கும் படுக்கைக்கும் பொறுப்பானவர் உடலுக்கும் சொல்லுக்கும் பொறுப்பானவராக மாறிவிடுகின்றார். காப்பாளரின் ஒப்பம் இம்மாற்றத்தின் எழுத்து வடிவம்.

அதிகாரம் வன்முறையால் மட்டுமன்றி இசைவினாலும் நிலைபெறுகின்றது என்பதனை அந்தோனியோ கிராம்சி தமது சிறைக்குறிப்புகளில் விரித்துரைத்தார். அவ்விசைவு சுதந்திரமான இரு தரப்பினரின் ஒப்பந்தமன்று, கீழிருப்போர் தமது வாழ்நிலையை இயல்பென ஏற்கச் செய்யப்படுவதன் பெயரே. எமது முதியோர் இல்லங்களில் இதனை நாளாந்தம் காணலாம். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் உணவு வழங்க வருவோர் வரிசையாய் அமர்ந்த முதியோரோடு நின்று படம் எடுத்துக்கொள்வர். முதியோர் கைகூப்புவர். இவர்கள் படம்பிடிக்கப்பட இசைந்தனரா என எவரும் கேட்பதில்லை. வினாக்கொத்தோடு வரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் அதே வாயில் வழியாகவே, அதே முகாமையாளரின் அனுமதியோடு நுழைகின்றார். அவர் முன்னும் முதியவர் கைகூப்புகின்றார். ‘ஓம் தம்பி’ என்கின்றார். அந்த ‘ஓம்’ ஆய்வுக்கான இசைவா, சோறு தரும் உலகத்துக்கு நாள்தோறும் சொல்லிப் பழகிய ‘ஓம்’ ஆ?

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். அவ்வாறாயின் மறதிநோயுற்றோரை ஆய்வினின்றும் முற்றாக விலக்கிவிடலாமே என்பர். இதனை நாம் ஏற்கவில்லை. விலக்குதலும் ஒருவகைப் புறக்கணிப்பே. 1998 இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர் தம் குழுவுக்குப் ‘பத்தின்கீழ் அறுபத்தாறு’ எனப் பெயரிட்டனர். உலகின் மறதிநோயாளருள் 66 சதவீதமானோர் வறிய நாடுகளில் வாழ்கையில், ஆய்வில் பத்திலொரு பங்குகூட அவர்களைப் பற்றியதாயில்லை என்பது அதன் பொருள். சென்னையிலும் வேலூரிலும் அக்குழு ஆய்வு நடத்தியது. எழுதப்படிக்க அறியாதோருக்குத் தகவலைப் படித்துக்காட்டிச் சாட்சி முன்னிலையில் இசைவு பெறுவதும், இசைவு தர இயலாதோருக்கு உறவினரின் உடன்பாட்டைப் பெறுவதும் அதன் நடைமுறையாயிருந்தன. இலங்கையில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே நிகழ்ந்து 2003 இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியோர் 12.4 சதவீதத்தினர். அத்தொகை கூடியே வருகின்றது. ராகமையின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வாழைச்சேனையின் மீனவரையும் கடதாசி ஆலைத் தொழிலாளரையும் அறிந்துவிட முடியாது.

அவ்வாறாயின் யார் சார்பில் யார் பேசுவது? இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டு உளத்தகைமைச் சட்டம் இதற்கு விடையளிக்க முயன்றது. ஆய்வாளர் முதலில் நாடவேண்டியவர் ஊதியத்துக்கன்றி அம்முதியவரின் நலனில் அக்கறை கொண்டவராயிருத்தல் வேண்டும். அத்தகையோர் இல்லாவிடின் அவ்வாய்வோடு தொடர்பற்ற ஒருவர் நியமிக்கப்படுதல் வேண்டும். முதியவர் சொல்லாலோ உடலசைவாலோ எதிர்ப்புக் காட்டுவதாகத் தோன்றின் அச்செயலைச் செய்தலாகாது. இப்பிற்கூறிய விதி பெரிதும் மதிக்கத்தக்கது. இசைவு தர ஆற்றலற்றவருக்கும் மறுக்கும் உரிமை உண்டு என அது ஏற்கின்றது. கையை இழுத்துக்கொள்ளல், முகத்தைத் திருப்பிக்கொள்ளல், எழுந்து போய்விடல் ஆகியன அங்கு அறளையின் குறிகளல்ல, விடைகள்.

ஆயின் ‘நெருங்கிய உறவினர்’ என்பதை எம் பிரதேசத்தில் எங்ஙனம் பொருள்கொள்வது? மட்டக்களப்பில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். திருமணமான மகளின் வீட்டிலோ அதன் வளவிலோ பெற்றோர் முதுமையைக் கழிப்பர். யல்மனும் மக்கில்வ்றேயும் விரிவாக ஆராய்ந்த இத்தாய்வழி மரபில், முதிய தாயின் மனமறிந்தவள் மகளே. அம்மகள் இன்று எங்கே? போர் பலரைப் பறித்தது. வறுமை பலரைக் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப்பணிப்பெண்களாக அனுப்பியது. பிறர் வீட்டு முதியோரைப் பராமரிக்கும் ஊதிய உழைப்புக்காக மகள் ஏற்றுமதியாக, அவளது தாய்க்கு இல்லத்தின் கட்டில் மிஞ்சுகின்றது. பராமரிப்பு உழைப்பின் இவ்வுலகச் சந்தையைக் கணக்கிலெடுக்காது ‘உறவினரின் ஒப்பம்’ என எழுதும் படிவம், கொழும்பிலோ இலண்டனிலோ வாழும் மகனின் மின்னஞ்சலைச் சம்மதமாகக் கொண்டு திருப்தியுறும். அம்மகன் தாயோடு பல்லாண்டு வாழ்ந்திராதவனாகவும் இருக்கலாம். தாயை நாள்தோறும் நீராட்டி ஊட்டும் பணிப்பெண்ணோ, எப்பொழுது அம்மூதாட்டி மனம் தெளிந்திருப்பார், எவ்வினா அவரை அழச்செய்யும் என்பதை அறிவாள். சட்டம் ஊதியம் பெறுவோரை முதல்நிலையில் விலக்குவதற்கு நியாயம் உண்டு. கம்மத்துக் காப்பாளரே அதற்குச் சான்று. ஆனால் முகாமையாளரின் அதிகாரத்தையும் பணிப்பெண்ணின் அறிவையும் ஒரே சொல்லுக்குள் அடக்குவது வர்க்க வேறுபாட்டை மறைப்பதாகும். பணிப்பெண்ணுக்கு ஒப்பமிடும் அதிகாரம் வேண்டாம். ‘இன்று வேண்டாம், அவருக்குச் சரியில்லை’ எனச் சொல்லி ஆய்வாளரைத் திருப்பியனுப்பும் அதிகாரம் அவளுக்கு வேண்டும், அதனால் அவளது வேலை பறிபோகாது என்னும் உறுதியும் வேண்டும். புறூக்ளின் வைத்தியர் மூவர் பதவி துறக்க நேர்ந்தமை அவ்வுறுதி இன்மையினாலேயே.

விளங்கும் ஆற்றல் என்பதும் ஒரேயடியாக இருப்பதோ இல்லாதொழிவதோ அன்று. வைக்கோலிலிருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையில் உழைத்து முதுமையடைந்த ஒருவர், இன்று காலை உண்டதை மறந்திருக்கலாம். ஆலையின் சங்கொலியும் முறைவேலையும் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் உரையாடவும் கூடும். நினைவுகளைப் பதிவுசெய்யும் வாய்மொழி வரலாற்று ஆய்வுக்கு அவர் தம் விருப்பத்தைத் தாமே கூறலாம், முள்ளந்தண்டு நீர் எடுக்கும் ஆய்வின் பயனையும் இடரையும் அவரால் நிறுத்துப் பார்க்க இயலாமற் போகலாம். ஆகவே ஆற்றலை ஆளுக்கு அளப்பது பிழை, வினாவுக்கு வினா அளத்தல் வேண்டும். நேற்றுச் சொன்ன ‘ஓம்’ இன்று அவர் நினைவில் இல்லையாயின், அது இன்றைக்குச் செல்லாது. ஒவ்வோர் அமர்விலும் மீளக் கேட்டல் வேண்டும். அதுவும் படிவத்தின் தமிழில் அன்று. ‘பங்கேற்பாளரின் தன்னார்வ ஒப்புதல்’ என்னும் தொடர், மறதிநோய் அற்ற பேராசிரியருக்கே இருமுறை படித்தாலன்றி விளங்குவதில்லை. ‘நான் உங்களிட்ட சில கதை கேட்கட்டா? விருப்பமில்லாட்டி வேணாம், சோறு வழமைபோல வரும்’ என்பது எல்லோருக்கும் விளங்கும். அவ்விறுதித் தொடர் எந்தப் படிவத்திலும் காணப்படுவதில்லை, ஆயின் இல்லத்தில் வாழ்பவர் முதலில் அறிய விரும்புவது அதுவே.

2024 இற் திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், ஆய்வுக்கு உட்படுவோர் என்னும் பொருள்தந்த பழைய சொல்லை நீக்கிப் பங்கேற்போர் என்னும் சொல்லை ஏற்றது. சொல் மாறினாற் போதாது என்று கூறுவது எளிது. இலக்கிய மாணவராகிய நாம் சொல்லின் மாற்றத்தைச் சிறிதெனக் கொள்வதில்லை. ஆயின் பங்கேற்பு என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பங்கேற்க மறுத்தவர் எத்தனை பேர்? மறதிநோய் பற்றிய ஆய்வறிக்கைகளில், இல்லங்களுக்கு உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டோரின் தொகை அரிதாகவே பதிவாகின்றது. இல்லமொன்றில் அணுகப்பட்ட முதியோர் அனைவரும் இசைந்தனர் என ஓர் அறிக்கை கூறுமாயின், கிழக்குப் பல்கலைக்கழகத்தினதோ பிற பல்கலைக்கழகத்தினதோ அறவியற் குழு முதலில் ஐயுற வேண்டியது அந்த எண்ணையே. மறுத்தோரின் எண்ணிக்கையையும், எவ்வாறு மறுத்தனர் என்பதையும், அதன்பின் அவர்களுக்கு வழங்கப்பட்ட கவனிப்பில் மாற்றம் நிகழ்ந்ததா என்பதையும் பதியும் ஏடொன்று, இசைவுப் படிவங்களின் கட்டோடு சேர்த்து அக்குழுவின் முன் வைக்கப்படுதல் வேண்டும். அவ்வேட்டை எழுதும் கை ஆய்வாளருடையதாகவும் முகாமையாளருடையதாகவும் இருத்தலாகாது.